ராத்திரி மடை திருப்பப் போகும் கைக்கு எந்த டார்ச்?

கேள்வி: எங்களுக்கு இரண்டரை ஏக்கர், கிணற்றுப் பாசனம். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். மாதத்துக்கு இரண்டு தடவைதான் ஊருக்கு வருவார். மும்முனை மின்சாரம் பல நாள் ராத்திரியில்தான் ஒழுங்காக நிற்கிறது. கிணற்றடி வீட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர். தனியாகப் போய் மோட்டார் போட்டு, மடை திருப்பிவிட்டு வருகிறேன். போன மாதம் வரப்பில் கிடந்த பாம்பை மிதிக்க இருந்தேன். இன்னொரு நாள் முன்பின் தெரியாத ஆள் ஒருவர் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். செல்போனில் “தற்காப்பு டாக்டிகல் டார்ச், 10,000 லூமென், இரண்டு கிலோமீட்டர் அடிக்கும், விலை 899 ரூபாய்” என்று விளம்பரம் வருகிறது. வாங்கலாமா? இடுப்பில் செருகிக்கொள்ளும்படி சின்னதாக எது நல்லது?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அந்த 899 ரூபாய் டார்ச் வேண்டாம். கிணற்றடிக்குப் போய்வர 300 லூமென் தரக்கூடிய, கைக்குள் அடங்குகிற, பின்பக்கம் பொத்தான் வைத்த ஒரு எளிய டார்ச் போதும். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகத் தெரிந்துகொண்டால்தான் கடையிலோ செல்போனிலோ பார்க்கும்போது ஏமாறாமல் இருக்கலாம்.

வாசகி எழுதியிருக்கும் இரண்டு சம்பவங்களும் டார்ச்சுக்கு இரண்டு வேறு வேலைகள். ஒன்று, காலடியில் ஆறு அடி முன்னால் என்ன கிடக்கிறது என்று காட்டுவது. மற்றொன்று, இருபது முப்பது அடி தள்ளி நிற்பது யார் என்று காட்டுவது. முதல் வேலை தினமும் உண்டு. இரண்டாவது எப்போதாவதுதான். விளம்பரக்காரர்கள் இரண்டாவதைச் சொல்லிப் பயமுறுத்தி விற்கிறார்கள். முதலாவதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

முதலில் பாம்பு. இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் கிராமத்துக்காரர்கள், வயலில் வேலை செய்கிறவர்கள். அதிகம் பேரைக் கொல்லும் நான்கு பாம்புகளில் கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் மூன்றும் இருட்டிய பிறகே அதிகம் நடமாடும். கண்ணாடி விரியன் ஆள் வரும் சத்தம் கேட்டு விலகிப் போகும் என்று நம்ப முடியாது. மண்ணோடு மண்ணாகச் சுருண்டு கிடக்கும்; குக்கர் விசில் போலச் சீறும்போதுதான் இருப்பதே தெரியும். கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலிகூட இருக்காது.

இங்கே ஒரு தப்பான நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. டார்ச் அடித்தால் பாம்பின் கண் மின்னும், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று பலர் சொல்கிறார்கள். மின்னாது. மாடு, நாய், பூனை, நரி இவற்றின் கண்ணுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. அதனால் பளிச்சென்று தெரியும். பாம்புக்கு அது கிடையாது. புல்லுக்குள் வைரப்பொடி போல மின்னுவதெல்லாம் பெரும்பாலும் சிலந்திகள். காட்டுப்பன்றிக்கும் அந்தப் படலம் இல்லை. கண் மின்னவில்லை, அதனால் அங்கே ஒன்றும் இல்லை என்று பன்றி நடமாடும் காட்டில் யாரும் முடிவு செய்துவிடக் கூடாது.

பாம்பைக் காட்டிக்கொடுப்பது அதன் உருவமும் நிழலும்தான். டார்ச்சை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் நிழல் பொருளுக்குப் பின்னால் மறைந்துவிடும்; வரப்பு முழுவதும் தட்டையாகத் தெரியும். இடுப்புக்குக் கீழே, தொடை உயரத்தில் பிடித்து, முன்னால் சாய்வாக அடித்தால் ஒரு சின்ன மண்கட்டிக்குக்கூட நீளமாக நிழல் விழும். கயிறா, குச்சியா, பாம்பா என்பது அந்த நிழலில் தெரிந்துவிடும். இதற்குக் காசு எதுவும் கூடுதலாக ஆகாது. எந்த டார்ச்சானாலும் பிடிக்கும் விதம்தான் பாதி.

கூடவே ஒரு தடியும், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் இருக்கட்டும். தரையில் தடியைத் தட்டிக்கொண்டு போனால் பல பாம்புகள் அதிர்வை உணர்ந்து ஒதுங்கும். பூட்ஸைப் போடுவதற்கு முன் கவிழ்த்துத் தட்ட வேண்டும் என்பது சொல்லாமலே தெரிந்திருக்கும்.

இனி அந்த 10,000 லூமென் கணக்கு. லூமென் என்பது டார்ச்சிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. டார்ச்சில் போடும் எல்.இ.டி. ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமார் 100 லூமென் தரும். நல்லது என்றால் கொஞ்சம் கூடும். அப்படியானால் 10,000 லூமெனுக்கு 100 வாட் வேண்டும். கையடக்க டார்ச்சுகளில் இருப்பது பெரும்பாலும் 18650 என்ற லித்தியம் பேட்டரிக் கட்டை ஒன்று. 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் அந்தப் பெயர். அதில் அடங்குவது சுமார் 11 வாட் மணி. 100 வாட் இழுத்தால் ஏழு நிமிடத்தில் காலி. அதற்குள் கையில் பிடிக்க முடியாமல் சுட்டுவிடும். உண்மையில் அந்த விலையில் வரும் டார்ச்சுகளில் அவ்வளவு வெளிச்சமும் இருக்காது, அவ்வளவு சூடும் இருக்காது. டப்பாவின் மேல் அச்சடித்த எண் மட்டும்தான் இருக்கும்.

அதே கட்டையில் 300 லூமென் எரித்தால் 3 வாட்தான் செலவு. மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்கும். 100 லூமெனுக்குக் குறைத்துக்கொண்டால் பத்து மணி நேரம் போல வரும். வரப்பில் நடக்க 100 லூமென் தாராளம். பழைய இரண்டு கட்டை பித்தளை டார்ச்சில் குண்டு பல்பு தந்த வெளிச்சம் இதில் பாதிகூட இல்லை. அதை வைத்துக்கொண்டுதான் ஒரு தலைமுறை முழுக்கத் தண்ணீர் பாய்ச்சியது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். வயது ஏற ஏறக் கண் உள்ளே விடும் வெளிச்சம் குறையும்.

வெளிச்சம் கூடக்கூட நல்லதுதானே என்று தோன்றும். பக்கத்தில் இருக்கும் ஈரத் தரையிலும் வாழை இலையிலும் மிதமிஞ்சிய வெளிச்சம் பட்டுத் திரும்பி, பிடித்தவர் கண்ணையே கூசச் செய்யும். டார்ச்சை அணைத்த பிறகு சுற்றிலும் ஒரே கும்மிருட்டாகத் தெரியும். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஆகவே குறைந்த வெளிச்சம், அதிக வெளிச்சம் என்று இரண்டு நிலை உள்ள டார்ச்சாக இருக்க வேண்டும். நடக்கும்போது குறைவு, சந்தேகம் வந்தால் அதிகம்.

“இரண்டு கிலோமீட்டர் அடிக்கும்” என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒளிக்கற்றையின் நடுப்பகுதி எவ்வளவு கூர்மை என்பதைக் கேண்டெலா என்ற அலகில் சொல்வார்கள். ஒழுங்கான கம்பெனிகள் இதை டப்பாவில் போடுகின்றன. அந்த எண்ணின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம் வரும். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். ஆனால் அந்த 200 மீட்டரில் விழுவது முழுநிலா வெளிச்சம் அளவுதான். அங்கே நிற்பது ஆளா, மாடா என்று அடையாளம் தெரிய அந்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்கு 10 லட்சம் கேண்டெலா வேண்டும். இடுப்பில் செருகும் அளவிலும் 899 ரூபாயிலும் அதை யாரும் தர முடியாது. இரண்டரை ஏக்கருக்கு 100 முதல் 150 மீட்டர் என்று போட்டிருந்தால் போதும். நடுவில் பளிச்சென்ற வட்டமும் சுற்றிலும் மங்கலான பரந்த வெளிச்சமும் சேர்ந்து விழுவதாகப் பார்க்க வேண்டும். முன்பக்கத்தை இழுத்துக் குவிக்கும் ஜூம் டார்ச்சில் குவித்தால் சுற்றுப்புறம் தெரியாது, விரித்தால் தூரம் தெரியாது. இழுக்கிற இடுக்கு வழியாகத் தண்ணீரும் தூசியும் உள்ளே போகும். வயலுக்கு அது ஒத்துவராது.

“டாக்டிகல்” என்ற வார்த்தை போலீஸ், ராணுவத்திலிருந்து வந்தது. ஒரு கையில் ஆயுதம் இருக்கும்போது மறு கையால் இருட்டில் தடவிப் பார்க்காமல் எரிய வைக்கும்படி செய்த டார்ச்சுகள் அவை. விவசாயிக்கும் ஒரு கையில் மண்வெட்டி இருக்கிறது. எனவே அதில் சில அம்சங்கள் நிஜமாகவே உதவும். சில வெறும் அலங்காரம்.

உதவுவதில் முதலாவது, பின்பக்கப் பொத்தான். கட்டைவிரல் தானாகப் போய் அங்கே நிற்கும். லேசாக அழுத்தினால் அழுத்தும் வரை எரியும். முழுதாக அழுத்தினால் எரிந்துகொண்டே இருக்கும். இரண்டாவது, அலுமினிய உடம்பும் சொரசொரப்பான பிடியும். சேற்றுக் கையில் வழுக்காது, கீழே விழுந்தால் உடையாது. மூன்றாவது, தண்ணீர் தாங்கும் தன்மை. ஐ.பி.எக்ஸ். 4 என்றால் மழைச் சாரல் தாங்கும். ஐ.பி.எக்ஸ். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. வாய்க்காலில் தவறி விழக்கூடிய பொருள் என்பதால் 7 இருப்பது நல்லது. அப்படிப் போட்டிருந்தால் வாங்கிய அன்றைக்கே, பில் கையில் இருக்கும்போதே, மூடியை இறுக்கி ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. நான்காவது, மணிக்கட்டில் மாட்டும் கயிறு. கிணற்றை எட்டிப் பார்க்கிறவர்களுக்கு அது கட்டாயம்.

கவனிக்க வேண்டிய இன்னொன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விலை குறைந்த டார்ச்சுகளில் ஒரு அழுத்தலுக்கு அதிகம், அடுத்ததற்குக் குறைவு, அதற்கடுத்து மின்னி மின்னி எரிவது என்று வரிசையாக மாறும். அவசரத்தில் அழுத்தும்போது மினுக்கல் வந்து நின்றால் காலடியில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. முதல் அழுத்தலில் நேரான வெளிச்சம் வர வேண்டும். மினுக்கல் இருந்தாலும் அது தனியாக, நீண்ட நேரம் அழுத்தினாலோ இரண்டு முறை தட்டினாலோ மட்டும் வருவதாக இருக்க வேண்டும். கடையில் பத்து முறை அழுத்திப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வெளிச்சத்தின் நிறமும் பார்க்க வேண்டும். நீலம் பாய்ந்த வெள்ளை பளிச்சென்று தெரியும். ஆனால் பனியிலும் தூறலிலும் அது புகைமூட்டம் போலத் திரும்பும். செம்மண்ணில் கிடக்கும் பழுப்பு நிறப் பாம்பும் அதில் சரியாகப் பிரிந்து தெரியாது. டப்பாவில் 4,000 முதல் 5,000 கெல்வின் என்று இருந்தால் காலை வெயில் போன்ற இயல்பான நிறம். பயிர் பார்க்கவும் அதுதான் உகந்தது. நிலக்கடலையிலும் புகையிலையிலும் பகலில் மண்ணுக்குள் ஒளிந்துகொண்டு இரவில் மேய வரும் புரோடீனியா புழுவைப் பார்க்க எட்டு மணிக்கு மேல் ஒரு நடை போக வேண்டும். மடை திருப்பப் போகிறவர் போகிற போக்கில் பத்துச் செடியின் இலைக்கு அடியில் அடித்துப் பார்த்துவிட்டு வந்தால், காலையில் ஓட்டை விழுந்த இலையைப் பார்த்து எந்த மருந்து என்று யோசிக்க வேண்டியிருக்காது.

அடுத்து பேட்டரி. இரண்டு வழி இருக்கிறது. 18650 கட்டை போடும் டார்ச்சுக்கு வெளிச்சமும் நேரமும் அதிகம். கட்டையைக் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். உள்ளேயே ஒட்டி மூடியதாக இருந்தால் கட்டை செத்ததும் டார்ச்சும் குப்பைக்குப் போகும். கட்டையின் மேல் 3,500 மில்லி ஆம்பியர் மணி வரை போட்டிருந்தால் நம்பலாம். 6,000 என்றும் 9,900 என்றும் போட்டிருந்தால் அது பொய். அந்த அளவுள்ள கட்டைக்குள் அவ்வளவு அடங்காது. இந்தியத் தரநிலை எண் 16046-ம், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் கட்டையில் இருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டுப் பார்த்தால் உண்மையா என்று தெரிந்துவிடும்.

லித்தியம் கட்டையைச் சும்மா இடுப்பில் செருகவோ, சாவியும் சில்லறையும் கிடக்கும் சுருக்குப் பையில் போடவோ கூடாது. சாவி இரண்டு முனையையும் தொட்டுவிட்டால் தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாகும். உபரிக் கட்டையை அதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் டப்பியில்தான் வைக்க வேண்டும். தகரக் கூரை போட்ட மோட்டார் ரூமில் வெயிலில் விட்டு வருவதும், படுக்கைப் பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவதும் ஆபத்து. உப்பிய கட்டையைத் திரும்பச் சார்ஜ் போடவே கூடாது.

இவ்வளவு கவனிப்பு முடியாது என்கிறவர்களுக்கு இரண்டாவது வழி, பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரி இரண்டு போடும் சின்ன எல்.இ.டி. டார்ச். 100 லூமென் அளவுக்கு வரும், சார்ஜ் தீர்ந்தால் ராத்திரியிலும் கட்டை வாங்கலாம். சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் கட்டை நான்கும் ஒரு சார்ஜரும் வாங்கி வைத்தால் பல வருடம் ஓடும். சேர்த்துப் பார்த்தால் இதுதான் சிக்கனம். பழைய கட்டையோடு புதியதைச் சேர்த்துப் போட்டால் கசிந்து உள்ளே துரு ஏறும். வயதான மாமியார் ராத்திரி தொழுவத்துக்குப் போக இதுவே போதும்.

இந்த வாசகிக்கு முதல் வகை ஒன்றும், இரண்டாவது வகையில் விலை குறைந்த ஒன்று மடியிலும் இருக்கட்டும். நடு வயலில் ஒரு டார்ச் அணைந்து போனால் இன்னொன்றுதான் உதவும். செல்போன் வெளிச்சத்தை நம்பிப் போகக் கூடாது. போனில் மிச்சமிருக்கும் சார்ஜ் கூப்பிடுவதற்கு வேண்டும்.

இப்போது கிணற்றடியில் உட்கார்ந்திருந்த ஆள். அவர் வழிப்போக்கராக இருக்கலாம், பக்கத்து நிலத்துக்காரரின் சொந்தக்காரராக இருக்கலாம். எதுவானாலும் டார்ச் செய்யும் பெரிய உதவி, முப்பது அடி முன்னாலேயே ஆள் இருப்பதைக் காட்டிவிடுவது. அங்கேயே நின்று, “யாருங்க அது?” என்று சத்தமாகக் கேட்கலாம். பதில் திருப்தியாக இல்லையென்றால் திரும்பி வீட்டைப் பார்த்து நடப்பதுதான் சரி. ஒரு நாள் தண்ணீர் பாயாவிட்டால் பயிர் செத்துவிடாது.

ஆள் கிட்டே வந்துவிட்டால், இருட்டுக்குப் பழகிய கண்ணில் 300 லூமெனை நேராக அடித்தால் சில நொடிகள் கண் கூசி, எதிரில் இருப்பது சரியாகத் தெரியாது. அந்தச் சில நொடி விலகி ஓடத்தான், அடிக்க அல்ல. டார்ச்சை உடம்புக்குப் பக்கவாட்டில், கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் ஆள் இருக்கிறார் என்று எதிராளி நினைப்பான். அடித்ததும் அணைத்துவிட்டு இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து, தெரிந்த வழியில், ஆள் இருக்கும் வீட்டை நோக்கிக் கத்திக்கொண்டே போக வேண்டும். தெருவிளக்கு வெளிச்சத்தில் நிற்கிறவனுக்கு இந்தக் கூச்சம் அவ்வளவாக இருக்காது. குடித்திருப்பவனுக்குக் கோபம்தான் அதிகமாகும்.

முன்பக்கம் முள் முள்ளாகப் பல் வெட்டியிருக்கும் டார்ச்சைத் தற்காப்புக்கு என்று விற்கிறார்கள். அதைக் கொண்டு தாக்க வேண்டுமென்றால் அந்த ஆளின் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். நிற்கவே கூடாத இடம் அதுதான். சேலையைக் கிழிப்பதைத் தவிர அந்தப் பல்லால் தினசரிப் பயன் இல்லை. ஷாக் அடிக்கும் டார்ச்சும் அப்படியே. போதாததற்கு அது வீட்டில் பிள்ளைகள் கையில் சிக்கும். உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து வரும்போது தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் தருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் அதைப் பற்றியவை. தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் காயம் உண்டாக்கக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. போலீஸ் உதவிக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181. இரண்டையும் போனில் முதல் வரிசையில் பதிந்து வைக்கட்டும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம், “அரை மணியில் வராவிட்டால் போன் போடுங்க” என்று சொல்லிவிட்டுப் போவதும் நல்ல ஏற்பாடு.

எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் ராத்திரி போக வேண்டிய அவசியத்தையே குறைக்கலாம். செல்போன் மூலம் மோட்டாரை ஓடவும் நிறுத்தவும் வைக்கும் கருவி இப்போது பரவலாக வந்துவிட்டது. மின்சாரம் வந்ததும் போனுக்குத் தகவல் வரும். வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் இதற்கு மானியத் திட்டம் இருக்கிறது. சிட்டா, அடங்கல், மின் இணைப்பு அட்டை, ஆதார் ஆகியவற்றோடு உபகோட்ட உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் விசாரித்தால் இந்த ஆண்டின் நிலவரம் தெரியும். இரண்டரை ஏக்கரில் சொட்டுநீரும் போட்டுவிட்டால் மடை திருப்பும் வேலையே இல்லை. குழாய் கழன்றாலோ ஃபியூஸ் போனாலோ மட்டும் போனால் போதும். அப்படிப் போகும் நாளில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடுவதற்கு முன், மேலே கம்பி அறுந்து தொங்குகிறதா, தரையில் ஈரம் நிற்கிறதா, பெட்டிக்குள் பாம்போ தேளோ இருக்கிறதா என்று ஒரு சுற்று அடித்துப் பார்த்துவிட வேண்டும். மோட்டார் ரூம் வாசலில், வெளியிலிருந்தே போடும்படி ஒரு பல்பு மாட்டிவைப்பது பெரிய செலவு அல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல், 108-ஐ அழைத்தோ கிடைத்த வண்டியிலோ விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. அதே மருந்து நான்கு வகைக்கும் போடப்படுவதுதான்.

கேள்வி: சுவரில் நேராகச் செருகிச் சார்ஜ் போடும் டார்ச் வாங்கினேன். ஆறு மாதத்தில் ஐந்து நிமிடம்கூட எரிவதில்லை. ஏன்?
– ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: விலை குறைந்த சார்ஜ் டார்ச்சுகளில் பலவற்றில் இருப்பது 4 வோல்ட் ஈய அமிலப் பேட்டரி. மோட்டார் வண்டி பேட்டரியின் தம்பி. இதை முழுதாகத் தீரவிட்டு, அப்படியே வாரக்கணக்கில் அலமாரியில் போட்டுவைத்தால் உள்ளே ஈயத் தகட்டில் உப்புப் படிந்து மறுபடி சார்ஜ் ஏறாது. வெளிச்சம் மங்க ஆரம்பித்ததுமே சார்ஜ் போட வேண்டும்; பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒரு முறை போட வேண்டும். மற்றபடி டார்ச் நன்றாக இருந்தால் எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கும் கடையில் பேட்டரியை மட்டும் மாற்றித் தருவார்கள்.

கேள்வி: நெற்றியில் கட்டும் லைட் இருந்தால் இரண்டு கையும் காலியாக இருக்குமே, அதை வாங்கலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: ஓரிடத்தில் நின்று செய்யும் வேலைக்கு அதைவிட வசதி வேறில்லை. நிலக்கோட்டை, சத்தியமங்கலம் பக்கம் விடிவதற்கு முன் மல்லிகை பறிக்கிறவர்களும், கன்னியாகுமரியில் ரப்பர் பால் வெட்டுகிறவர்களும் அதைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். பால் கறக்க, வால்வு திருப்ப, குழாய் ஒட்ட எல்லாம் நல்லது. வரப்பில் நடக்க மட்டும் அது போதாது. வெளிச்சம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே போவதால் மேலே சொன்ன நிழல் விழாது. மழைக்காலத்தில் பூச்சியெல்லாம் முகத்துக்கே வரும். நடக்கும்போது கையில் ஒரு டார்ச், வேலை செய்யும் இடத்தில் நெற்றி லைட் என்று வைத்துக்கொள்ளலாம்.

காட்டை ஒட்டிய ஊர்க்காரர்களுக்கு இன்னொரு விஷயம். முயல் வேட்டைக்குப் போகிறவர்களும் நெற்றி லைட்டைத்தான் கட்டுகிறார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி அது குற்றம் என்பதால், அந்தப் பகுதியில் ராத்திரி இதைக் கட்டிக்கொண்டு அலைகிறவரை வனக்காவலர் நிறுத்திக் கேட்பார். சொந்தப் பட்டா நிலத்துக்குள்ளேயே அதைப் பயன்படுத்திவிட்டு, வழியில் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. யானை நடமாட்டம் இருக்கும் நாளில் எந்த லைட்டையும் எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பவே வேண்டாம். கிட்டத்தில் நிற்கும் யானையின் முகத்தில் டார்ச் அடிப்பது அதை விரட்டாது, ஆளைத்தான் காட்டிக்கொடுக்கும். வனச்சரக அலுவலக எண்ணை ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவிலேயே எழுதி ஒட்டிவைக்கலாம்.